பத்துக் காக்கி கெபினெட்

பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் மலாய்ப் பாடத்தில் ஏ வாங்கியவள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த ஏ மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஒரு மொழி அரைகுறையாகத் தெரிந்தவர்கள் சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை கேட்டுக்கொள்வார்கள். நன்றாகத் தெரியும் என்று நினைப்பவர்கள் என்னை மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார்கள்.

கல்யாணமாகி எட்டு வருடம் நானும் என் கணவர் ரவியும் ஆயர் ஈத்தாமில் அவருடைய அண்ணன் குடும்பத்தோடு ஒரே ஃபிளாட்டில் இருந்தோம். என் ஓரகத்தி சரோஜா அக்கா கெட்டவர் இல்லை. ஆனால் சமையலறை அவருடையது. எல்லா டப்பாவிலும் அவர் கையெழுத்தில் பெயர் ஒட்டியிருக்கும். எனக்கென்று கிடைத்தது சிங்க்குக்குக் கீழே, பாத்திரம் கழுவும் சோப்புக்குப் பக்கத்தில், பாதித் தட்டு. (மீதிப் பாதியில் குழாய் போனது.) எட்டு வருடமும் என் மிளகாய்த்தூளில் எலுமிச்சை சோப்பு வாசனைதான்.

அதனால் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீடு வாடகைக்குக் கிடைத்தபோது நான் வேறெதையும் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். மேலே கருத்த மர உத்திரங்கள், தரையிலிருந்து பத்தேமுக்கால் அடி உயரத்தில். (துடைப்பக் கட்டையில் அளவு நாடாவைக் கட்டி அளந்தேன். மூன்று தடவை நாடா மூக்கில் விழுந்தது.) அவ்வளவு சுவரும் எனக்கே. உத்திரத்துக்கு ஒரு சாண் கீழே வரை, பத்தடிக்குக் கெபினெட் செய்யப்போகிறேன், அதில் ஒரு தட்டுக்கூட வேறு யாருக்கும் கிடையாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

"மேல் தட்டுல வச்சத எப்படி எடுப்ப? நீயே நாலடி பத்து இன்ச்சு," என்றார் ரவி.

"ஏணி வச்சுக்குவேன்."

"டிசைன் பண்ற ஆளுகிட்ட ஒரு வார்த்த கேக்கலாம் லா."

"ஏன், எனக்கு வரையத் தெரியாதா?"

கட்டம் போட்ட தாளில் வரைந்தேன். அகலம் எழுதினேன், ஆழம் எழுதினேன், கதவின் கைப்பிடியைக்கூட விடவில்லை. உயரத்துக்கு மட்டும் ஓர் அம்புக்குறி போட்டு 'சம்பாய் ஆத்தாஸ்' என்று மலாயில் எழுதினேன். மேலே வரை என்று அர்த்தம். எந்த மேலே என்று எழுதத் தோன்றவில்லை. சுவரிலும் உத்திரத்திலும் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று வீட்டுச் சொந்தக்காரர் போட்ட நிபந்தனையையும் ஓரத்தில் எழுதி, ஆ ஹோக் என்ற சீனத் தச்சரின் பட்டறையில் கொடுத்தேன். வந்து வீட்டைப் பார்க்கிறேன் என்றார். எல்லாம் தாளில் இருக்கிறது என்று நானே தடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, வேலை முடிந்து பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் திரும்பிக்கொண்டிருந்தபோது அவர் ஃபோன் செய்தார். இயந்திரச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. ஆணி அடிக்க முடியாது என்று ஏதோ சொல்லிவிட்டு, "காக்கி மௌ பெராப்பா?" என்று கேட்டார்.

காக்கி என்றால் அடி. எத்தனை அடி வேண்டும் என்கிறார். "செப்புலோ," என்றேன். பத்து.

"செப்புலோ? பாஞாக் காக்கி லா." ரொம்ப அதிகம் என்கிறார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எட்டு வருடம் பாதித் தட்டில் வாழ்ந்தவளிடம் அதிகம் என்றால்? பத்துதான், ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று சுத்தமான மலாயில், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, அழுத்திச் சொன்னேன்.

"ஓகே. குவாட் லா," என்றார். உறுதியாக இருக்கும் என்று அர்த்தம். பாராட்டுகிறார் என்று நினைத்து நன்றி வேறு சொல்லித் தொலைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை புது வீட்டில் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தோம். "வந்து என் கெபினெட்ட பாருங்கக்கா," என்று சரோஜா அக்காவிடம் பெருமையடித்திருந்தேன். வியாழன் மத்தியானம் கெபினெட் வந்தது.

வாசல் வழியாக நுழையுமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். கவலைக்கு அவசியமே இருக்கவில்லை. மொத்தமே ஆறடிதான். அடியில் கால்கள், முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து, ஒவ்வொன்றும் உலக்கை கனத்துக்கு. அதற்கு லாரியே தேவையில்லை, நடந்தே வந்திருக்கலாம்.

"அங்கிள், நான் செப்புலோ காக்கி கேட்டேன்," என்றேன்.

ஆ ஹோக் கோபப்படவில்லை. மெதுவாகக் குனிந்து ஒவ்வொரு காலாகத் தட்டி எண்ணினார். "சாத்து, டுவா, தீகா..." பத்தாவது காலைத் தட்டிவிட்டு நிமிர்ந்து, "செப்புலோ. சூக்கோப் லா," என்றார். பத்து, கணக்குச் சரி.

அப்போதுதான் ஏ வாங்கிய மூளைக்கு உறைத்தது. மலாயில் அடியும் காக்கிதான், காலும் காக்கிதான். சுவரில் ஆணி அடிக்க முடியாத கெபினெட் சொந்தக் காலில்தான் நிற்க வேண்டும். எத்தனை கால் வைக்கட்டும் என்று மனிதர் ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறார். அப்படியானால் உயரம்? அவர் என் தாளை விரித்து 'சம்பாய் ஆத்தாஸ்' என்ற இடத்தைக் காட்டினார். சம்பாய் என்றால் எட்டுவது என்றும் அர்த்தம் உண்டு. என்னை மேலும் கீழும் பார்த்து, நீ குள்ளம், மேல் தட்டு உன் கைக்கு எட்ட வேண்டாமா என்று மலாயில் கேட்டார். உண்மையான கரிசனத்தோடுதான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ரவி வீட்டின் பின்பக்கம் போய்விட்டார். அங்கே அவர் தோள் குலுங்குவது ஜன்னலில் தெரிந்தது.

மறுநாள் காலை அடுப்பில் பால் ஏறியிருந்தது. சரோஜா அக்கா கெபினெட்டின் முன் நின்றார்.

"என்ன மாலா, இதுக்கு இவ்ளோ காலு?"

"பழைய வீட்டு டிசைன் அக்கா. இந்த மாதிரி வீட்டுக்கெல்லாம் இப்படித்தான் செய்வாங்க."

"மேல இவ்ளோ செவரு சும்மா கெடக்குதே?"

"காத்து போறதுக்கு."

அதோடு போயிருக்கும். ஆனால் ரவி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அவ பத்து காக்கி கேட்டா, அண்ணி. அவரு பத்து காக்கி குடுத்துட்டாரு."

சரோஜா அக்கா கெபினெட்டைப் பார்த்தார், உத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. எட்டு வருடம் காத்திருந்து எனக்கே எனக்கென்று ஒன்று செய்தேன், அதுவும் இப்படி ஆகிவிட்டதே என்று நிஜமாகவே அழுதேன். சரோஜா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கைப்பையிலிருந்து பெயர் ஒட்டும் தாளையும் பேனாவையும் எடுத்து (அதை எங்கே போனாலும் கொண்டுபோவார்), பத்துக் கால்களிலும் ஒன்றிலிருந்து பத்து வரை எண் எழுதி ஒட்டினார். இன்றைக்கும் தரை துடைக்கும்போது எந்தக் காலைத் துடைத்தேன், எதை விட்டேன் என்று எனக்குச் சந்தேகம் வருவதில்லை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் ஆட்களைத் தலையால் எண்ணுவதில்லை. தாசேக் கெலுகோரிலிருந்து மாமனார் ஃபோன் செய்தால், "நாங்க நாலு காக்கி வர்றோம்மா," என்பார். அவரும் மாமியாரும் என்று அர்த்தம். போன தீபாவளிக்குச் சரோஜா அக்கா செய்தி அனுப்பினார்: "இருவத்து நாலு காக்கி வருது. வடை பத்தாம போயிடப் போகுது." வேலை அவசரத்தில் அதைப் படித்துவிட்டு இருபத்து நாலு பேருக்கு வடை சுட்டேன். பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

"மாலா, மலாய்ல ஏ," என்றார் சரோஜா அக்கா, நாலாவது வடையைக் கடித்துக்கொண்டே. "கணக்குல என்ன கெடச்சது?"

மிஞ்சிய வடையை டப்பாக்களில் அடைத்துக்கொண்டு கெபினெட்டைத் திறந்தேன். ஒரு தட்டிலும் இடமில்லை. மேலே உத்திரம் வரை ஏறக்குறைய ஐந்தடிச் சுவர் சும்மாதான் இருந்தது.