ரெண்டு படிக் குடுவைக்குச் சிவப்பு மீன்

ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு மீனைப் பற்றி எல்லாம் தெரியும் என்று மற்ற ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை நாங்களும் கெடுப்பதில்லை. உண்மையில் எனக்கு மீனோடு பழக்கம் குழம்புச் சட்டியில்தான்.

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன முதல் வருஷம் அது. உலகச் சண்டைக்காலம், பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரி எரித்த வாயுவில் ஓடின. ஊரைவிட்டுப் போன ஒரு துரை வீட்டு ஏலத்தில், என் மாமனார் மீன் வளர்க்கும் கண்ணாடிக் குடுவை ஒன்றை எடுத்து வந்திருந்தார். ரெண்டு படி நெல் போட்டால் நிரம்பிவிடும். மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எலுமிச்சை ஊறுகாய் போடலாம் என்றார். மாமனாரின் முகம் சுருங்கிப் போயிற்று.

என் கணவரின் தங்கை பாவாயியைப் பெண் பார்க்க, ஆவணியில் ராசிபுரத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளை நல்ல சிவப்பு, படித்தவர் என்று வீடே பூரித்துக் கிடந்தது. அவர்கள் கண்ணில் படும்படி குடுவையை மேஜைமேல் வைப்பது, அதில் மீன் விடுவது என்று முடிவாயிற்று.

"நீ ஆத்தோரத்துக்காரி. ஆடிக்கு ஊருக்குப் போறயில்ல, வரும்போது நாலு மீனு பொறுக்கிட்டு வா சாமி" என்றார் மாமியார்.

"அதுக்கென்னங்க அத்தை, மீனு எனக்குத் தெரியாததுங்களா!" என்றேன். (அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்கலாம்.)

ஊரில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் அம்மாவும் நானும் இறங்கினோம். அம்மா துண்டை விரித்து அயிரையாக அள்ளினாள்.

"இதைக் கொண்டு போ. மண்ணத் தின்னுட்டு ஒரு மூலைல கெடக்கும். சின்னக் குடுவைல இதுதான் தாங்கும்."

"மண்ணு நெறத்துல இருக்குதும்மா. பார்க்க ஒரு களை வேண்டாமா?"

"அப்ப இந்தக் கூனியாவது எடு."

கூனி என்பது பொடி இறால். கண்ணாடி மாதிரி உடம்பு. தண்ணீரில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. வெறுந்தண்ணீரைக் கொண்டு வந்துவிட்டாள் என்று மாமியார் சொல்வார். வேண்டாம் என்றேன்.

அப்போதுதான் கண்டேன். கரையோரம் கோரைக்கு நடுவில் ஒரு கூட்டம், குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல. ஒவ்வொன்றும் ஒரு கிராம்பு நீளம். அம்மா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நாலைந்தைத் தூக்குப் போசியில் பிடித்துவிட்டேன். துணைக்குக் கொஞ்சம் வெள்ளி நிறக் கெண்டைப் பொடிமீன். பஸ் மேட்டில் திணறும்போதெல்லாம் போசியை மடியில் அணைத்துக்கொண்டேன். தலைப்பிள்ளையைக்கூட நான் அப்படித் தூக்கியதில்லை.

நாமக்கல்லில் எனக்கு ஒரே புகழ். அண்டை வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். மாமனார் தன் கையாலேயே தண்ணீர் மாற்றினார்.

பிறகு கெண்டைகள் குறைய ஆரம்பித்தன. பூனைதான் என்று சொன்னேன். பூனை துடைப்பத்தால் அடி வாங்கியது. (அதன் மீசை ஒரு நாளும் நனைந்திருக்கவில்லை. அதை யாரும் பார்க்கவில்லை.) சிவப்பு மீன்களோ சிவப்பை விட்டுக் காவிக்கு வந்து, காவியை விட்டுக் கரும்பழுப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. வெயில் போதவில்லை என்று ஜன்னலோரம் நகர்த்தினேன். அப்புறம் குடுவைக்கு அடியில் சிவப்புத் துணி விரித்தேன். ராசிபுரத்தார் வந்தபோது மீதமிருந்தவை இரண்டே மீன்கள்; ஒன்று விரல் பருமன்.

மாப்பிள்ளையின் தாயார் குடுவையைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"ஏனுங்க, இது என்ன மீனுங்க?"

"எங்க மருமக ஊரு மீனுங்க. ஒவ்வொண்ணா அவளே பார்த்துப் பொறுக்குனதுங்க" என்றார் மாமியார் பெருமையாக.

"வாயில என்னங்க வெச்சிருக்குது?"

எல்லோரும் குனிந்தோம். பெரிய மீனின் வாயிலிருந்து சின்ன மீனின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. அது ஒரு முறை துடித்தது.

"விரால் குஞ்சுங்க இது!" என்று நெஞ்சில் கை வைத்தார் அந்த அம்மாள். "கூடப் பொறந்ததையே முழுங்குதுங்களே! நல்ல காரியம் பேசற ஊட்டுல இதென்னங்க சகுனம்?"

அதோடு பேச்சு சுரத்து இழந்துவிட்டது. பலகாரத்தில் கைவைக்காமல் கிளம்பினார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். (பொருந்தியிருந்ததால்தான் வந்தார்கள்.)

அவர்கள் கிளம்பிய கையோடு, பாவாயியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல் உள்ளறைக்குப் போனேன். அவள் பட்டுப்புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். அழுவாள், திட்டுவாள் என்று நின்றேன்.

"அந்த வாலு உள்ள போச்சா இல்லீங்களா?" என்று கேட்டாள்.

போய்விட்டது என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவருகிட்ட ஒரு வார்த்தை பேசிப் பார்க்கோணும்னு இருந்துச்சு. ஆரும் என்னைய ஒண்ணும் கேக்கலீங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. குடுவைக்கு எந்த மீன் பொருந்தும் என்று அந்த வீட்டில் ஆடி பிறப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டோம். அவளுக்கு எவன் பொருந்துவான் என்பதை அவளிடம் பேசவே இல்லை. பெரியவர்களுக்குத் தோன்றவில்லை, சரி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத எனக்கும் தோன்றவில்லை.

மாமனார், குஞ்சில் மட்டும் சிவக்கும் அந்த விராலைக் குளத்தில் விட்டார். மாமியார் என்னோடு பேசுவதை விட்டார். தை பிறந்து, மேச்சேரிப் பக்கத்திலிருந்து இன்னொரு ஜாதகம் வந்தது. தரகர் திண்ணமாகச் சொன்னார்: "பையன் நல்ல செவப்புங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து பாவாயி கேட்டாள்: "எத்தினி நாளைக்குங்க?"

முதலில் சிரித்தது மாமியார்தான். சிரித்த வேகத்தில், என்னோடு பேசுவதில்லை என்பதையும் மறந்து, "கேட்டயா சாமி?" என்று என் பக்கம் திரும்பினார். இந்த முறை பையனை இரண்டு தடவை வரவழைத்தார்கள். கூடத்தில் எல்லோரும் இருக்கும்போதே பாவாயி அவரோடு பேசினாள். சரி என்றாள். தரகர் சொன்னது முழுப்பொய்.

இன்றும் எங்கள் வீட்டில் புடவைக்கடைக்காரர் எதை விரித்தாலும், பெண்கள் யாராவது "எத்தினி நாளைக்குங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். பாவாயியின் கணவர் பக்கத்தில் இருந்தால் வெற்றிலையை மென்றுகொண்டே சொல்வார்:

"எங்கிட்ட அந்தப் பயமே இல்லீங்க. நான் வரும்போதே கருப்பு."