கைவியளம் வந்து சேரவில்லை

கடவுச்சொல் பிழை என்று கைபேசி இரண்டாம் முறையும் சொன்னபோது, சுபநேரம் தொடங்க ஒன்பது நிமிடங்கள் இருந்தன.

கனகலிங்கம் புது வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக மேசையடியில் இருந்தார். சிரித்த முகத்தோடு புதுவருசத்தைத் தொடங்க வேண்டும் என்று விடிய எழும்பும்போதே நினைத்திருந்தவர். இப்போது முகம் வேறு மாதிரி இருந்தது.

"இஞ்சேரப்பா, கைவியளத்துக்கு எத்தினை எல்?" என்று குசினிப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

மனைவி சிவயோகம் பொங்கலைத் துழாவிய அகப்பையோடு வாசலுக்கு வந்தாள். "எள்ளோ? நல்ல நாளும் பெருநாளுமா ஏன் எள்ளைப் பற்றிக் கதைக்கிறியள்? அது திவசத்துக்கு."

"எள்ளு இல்லை. இங்கிலீசு எல்."

"அது எந்தக் கடையிலை விக்கிது?"

கனகலிங்கத்துக்கு விளங்கப்படுத்த நேரமில்லை. கடவுச்சொல்லை மாற்றுங்கள், யாராலும் ஊகிக்க முடியாததாகப் போடுங்கள் என்று வங்கி முந்தாநாள் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தது. அவர் யோசித்து யோசித்து, 'கைவியளம்' என்பதை ஆங்கில எழுத்தில் போட்டார். யாழ்ப்பாணத்துக்கு வெளியிலே ஒரு கள்ளனுக்கும் இந்தச் சொல் தெரிய வராது என்று அன்று நிம்மதியாக நித்திரை கொண்டார். ஆனால் ளகரத்துக்கு ஒரு எல் போட்டாரா, இரண்டா, அல்லது தமிழை ஒழுங்காக எழுதுகிறேன் என்று ழகரத்துக்குப் போடும் இசற் எச் (zh) போட்டாரா என்பது இப்போது அவருக்கும் தெரியவில்லை. முப்பத்துநாலு வருடம் தபாலதிபராக இருந்தவர். உரும்பிராய் என்ற ஊரைப் பதினொரு விதமாக எழுதிவந்த கடிதங்களையெல்லாம் உரிய வீட்டில் சேர்ப்பித்த மனிசன்.

மூன்றாம் முறை இசற் எச் போட்டார். கணக்கு நாளைக்காலைவரை பூட்டப்பட்டிருக்கிறது என்று கைபேசி மரியாதையாக அறிவித்தது.

"கோதாரி விழுந்த போன்," என்றார் கனகலிங்கம்.

"இந்த வருசமும் உதயகலா வரமாட்டாளோ?" என்று சிவயோகம் மெல்லக் கேட்டாள்.

உதயகலா அவருடைய ஒரே தங்கை. கரவெட்டியில் இருக்கிறாள். கைவியளம் என்றால் வெற்றிலையில் வைத்துப் பெரியவர் தரும் வருடத்தின் முதற்காசு, வாங்குகிறவர்தான் வீடு தேடி வரவேண்டும். அவளும் கலியாணம் செய்த நாளிலிருந்து ஒரு வருடமும் தவறாமல் வந்தவள்தான். மூன்று வருடத்துக்கு முன் கனகலிங்கம் கொடுத்த ஆயிரம் ரூபாய்த் தாளின் நடுவிலே செலோரேப் ஒட்டியிருந்தது. அவர் கவனிக்கவில்லை. அவள் விரித்துப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணை, ஒட்டுப்போட்ட காசோ?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். கனகலிங்கம் மட்டும் அன்று சாப்பிடவில்லை.

அடுத்த வருடம் அந்தப் பேச்சுக்கே இடம்வைக்கக்கூடாது என்று, சுபநேரம் தொடங்கிய அந்த நிமிடமே கைபேசியில் ஐயாயிரம் அனுப்பினார். கிழியாத, கசங்காத, ஒட்டாத காசு. அவள் வரவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்து, அதற்கு அடுத்த வருடம் பத்தாயிரம் அனுப்பினார். அப்போதும் வரவில்லை. தொலைபேசி எடுத்தால் "ஓம் அண்ணை, காசு வந்தது, வைக்கிறன்" என்பதோடு சரி. கூடப்பிறந்தது ஒன்றே ஒன்று. அதுவும் இப்படிக் கதைத்தால் மனிசன் என்ன செய்வார்? இந்த வருடம் பதினையாயிரம் என்று தீர்மானித்திருந்தார்.

"காசு மெசினுக்குப் போறன். காட்டைப் போட்டு எடுத்து, அங்கையே அவளின்ரை கணக்கிலை போட்டுவிடலாம்," என்று சைக்கிளை எடுத்தார்.

"அலுமாரிக்குள்ளை கிடந்த காசையெல்லாம் வெள்ளிக்கிழமை வங்கியிலை கொண்டுபோய்ப் போட்டனீங்கள். நாலு தாள் வைச்சிருந்தால் இந்த ஓட்டம் என்னத்துக்கு?"

"வீட்டிலை காசு வைச்சால் கள்ளன் வருவான்."

"இப்ப கள்ளனும் வரேல்லை, தங்கச்சியும் வரேல்லை," என்றாள் சிவயோகம்.

சந்தியிலிருந்த பணம் எடுக்கும் இயந்திரத்தில் அவருக்குப் பின்னால் ஒரு பெண்மணி நின்றாள். இரகசிய இலக்கத்தை யாரும் பார்க்காமல் மறையுங்கள் என்று கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தலை அவர் இரண்டுதரம் வாசித்தார்.

"பிள்ளை, குறை நினையாதை. கொஞ்சம் றோட்டைப் பார்."

அவள் தெருவைப் பார்த்தாள். அதுவும் போதாது என்று கனகலிங்கம் தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் தலையோடு சேர்த்து விசைகளை மூடி, உள்ளே இருட்டில் தடவித் தடவி இலக்கத்தை அழுத்தினார். பிழை என்றது. இன்னும் நன்றாக மூடிக்கொண்டு அழுத்தினார். அதுவும் பிழை. யாரோ எட்டிப் பார்ப்பதுபோலத் தோன்றவே சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூன்றாம் முறையும் அழுத்தினார். இயந்திரம் உள்ளுக்குள் கிர்ர் என்று இரைந்தது. போன காட் திரும்பி வரவில்லை.

பெண்மணி தெருவைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஐயா, நல்ல பாதுகாப்புத்தான். உங்களிட்டையிருந்தே காப்பாத்திப் போட்டுது."

அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பத்து ஐம்பத்தைந்து. சுபநேரம் பன்னிரண்டு ஐந்தோடு முடிகிறது. சிவயோகம் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்த் தூள் போத்தலைக் கொண்டுவந்து, மிளகாய்த்தூளுக்குள் கையை விட்டு ஒரு பொலித்தீன் பொட்டலத்தை எடுத்தாள். மூன்று ஐயாயிரம் தாள்கள்.

"உது எப்ப தொடக்கம்?" என்றார் கனகலிங்கம்.

"நீங்கள் வங்கியை நம்பத் தொடங்கின நாள் தொடக்கம். கேள்வி கேளாமல் கொண்டுபோங்கோ."

ஒழுங்கை முகப்பிலிருந்த பார்த்தீபனின் கடைக்கு, தும்மிக்கொண்டே போனார். காசைக் கையில் கொடுத்து, அவனுடைய கைபேசியிலிருந்து உதயகலாவின் கணக்குக்கு அனுப்பச் சொல்வதுதான் யோசனை.

"அண்ணை, குறை விளங்காதேங்கோ," என்றான் பார்த்தீபன். "இண்டைக்கு முதல்லை காசு வரவேணும், பேந்துதான் போகவேணும்."

"போனிலைதானே போகுது?"

"எதிலை போனாலும் போறது போறதுதான். முதல்லை உங்கடை தாளைத் தாங்கோ." வாங்கிக் கண்ணில் ஒற்றி, ஒரு தும்மலும் போட்டுவிட்டு, கைபேசியை எடுத்தான். "கணக்கு இலக்கம்?"

"எழுது," என்று கனகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு இடத்திலும் தடக்காமல் பன்னிரண்டு இலக்கத்தையும் சொன்னார். பார்த்தீபன் அதிசயப்பட்டுப் போனான்.

"அண்ணை, இந்த வயசிலையும் என்ன ஞாபகம்."

"தபால் கந்தோர் மூளை," என்றார் கனகலிங்கம். அன்று காலையில் அவர் முதன்முதலாகச் சிரித்தார்.

பார்த்தீபன் அழுத்தினான். காசு போய்விட்டது. அடுத்த கணம் கனகலிங்கத்தின் சட்டைப்பைக்குள் கைபேசி ரிங் என்றது. எடுத்துப் பார்த்தார். அவருடைய கணக்குக்குப் பதினையாயிரம் ரூபாய் வரவாகியிருக்கிறது. பதினைந்து வருடமாகப் படிவம் நிரப்பி நிரப்பி, மனப்பாடமாயிருந்த ஒரே கணக்கு இலக்கம் அவருடையதுதான். அந்தக் கணக்கு நாளைக்காலைவரை பூட்டு.

பார்த்தீபன் எட்டிப் பார்த்தான். "உங்களுக்கு நீங்களே கைவியளம் குடுத்திட்டியள் போலை," என்றவன், அவர் முகம் போன போக்கைக் கண்டு ஒரு சோடாவை உடைத்து நீட்டினான்.

கனகலிங்கம் குடித்துவிட்டுப் பணப்பையைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு நூறு ரூபாய் கிடந்தது. போன கிழமை பஸ் கொண்டக்ரர் தலையில் கட்டியது. நடுவிலே செலோரேப்.

"சோடா சும்மா இருக்கட்டும் அண்ணை," என்றான் பார்த்தீபன். "உந்தத் தாளை மட்டும் தராதேங்கோ."

பதினொன்றரைக்கு அவர் வீட்டுக் கதிரையில் வந்து விழுந்தார். "முடிஞ்சுது," என்றார் மனைவியிடம். "இந்த வருசம் ஒரு சதமும் போகேல்லை. இனி அவள் இந்தப் படலையை எட்டியும் பாராள்." சால்வையால் கண்ணைத் துடைத்தார். சிவயோகத்துக்கும் அழுகை வந்தது.

பதினொன்று ஐம்பதுக்குப் படலையில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. மாம்பழ நிறச் சேலையோடு, குடையை மடக்கிக்கொண்டு, உதயகலா இறங்கினாள்.

கனகலிங்கம் எழும்பினார். எழும்பியவர் என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் இருந்தார்.

"என்ன அண்ணை, வா எண்டு சொல்லமாட்டியளோ? நேரம் முடியப்போகுது," என்றாள் உதயகலா.

சிவயோகம் வெற்றிலையை அவர் கையில் திணித்தாள். பணப்பையில் இருந்தது அந்த ஒற்றைத் தாள்தான். வேறு வழியில்லை. ஒட்டு உள்ளே போகும்படி நாலாக மடித்து வெற்றிலையில் வைத்து நீட்டினார். உதயகலா குனிந்து வாங்கினாள். வாங்கியவள் சும்மா இருந்திருக்கலாம். விரித்தாள்.

"ஒட்டுப்போட்ட காசு," என்றாள் உதயகலா. பிறகு அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். "அப்ப இது என்ரை அண்ணையின்ரைதான்."

"கோவியாதை பிள்ளை. பதினையாயிரம் அனுப்பத்தான் விடியத்தொடக்கம் ஓடித்திரிஞ்சனான். போன் பூட்டிட்டுது, காட்டை மெசின் விழுங்கிட்டுது..."

"சும்மா இருங்கோ அண்ணை," என்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணி, பொங்கல் அடிப்பிடிக்குது," என்றபடி அவள் குசினிக்குள் போய்விட்டாள். சிவயோகமும் பின்னால் ஓடினாள்.

கனகலிங்கத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கரவெட்டியிலிருந்து அவளைக் கொண்டுவந்த ஓட்டோக்காரர் விறாந்தை விளிம்பில் இருந்து பயத்தம் பணியாரம் தின்றுகொண்டிருந்தார். அவரையாவது கேட்போம் என்று பக்கத்தில் போனார்.

"தம்பி, காசே போகேல்லை. பிறகு எப்பிடி இவள் வந்தவள்?"

ஓட்டோக்காரர் வாயில் கிடந்ததை ஆறுதலாக விழுங்கினார். "ரண்டு வருசமும் இவ இதே சீலையோடை என்ரை ஓட்டோவிலை ஏறி இருந்தவ ஐயா, வெளிக்கிடுற நேரம் பாத்து ரிங் எண்டு உங்கடை காசு வரும், 'அண்ணை வரவேண்டாம் எண்டு அனுப்பிப்போட்டார்' எண்டு அழுதுகொண்டு இறங்கிப் போயிடுவா, இண்டைக்குத்தான் போன் சத்தம் போடேல்லை."