மேடேறிய மாமன் சீர்

பானெட் மூடவில்லை.

மனோகரன் இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தான். பிறகு அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து பார்த்தான். புது எஞ்சினின் தலை, மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கும் சோற்றுப் பானை மாதிரி, ஒரு சாண் உயரம் வெளியே நின்றது.

"எறங்குங்கண்ணா. இன்னும் அமுக்குனீங்கன்னா எஞ்சின் கீழ போகாது, ஜீப்புதான் கீழ போகும்," என்றான் இசக்கிமுத்து.

இசக்கிமுத்து தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். கொழுந்தை உருட்டும் மெஷினும் உலர்த்தும் மெஷினும் அவன் சொன்ன பேச்சைக் கேட்கும். ஜீப்புக்கு எஞ்சின் மாற்றுவது அவனுக்கு இதுதான் முதல் தடவை. அந்தச் செய்தியை அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அளவெடுத்தியா இல்லியா தம்பி?"

"எடுத்தேனுங்க. எஞ்சினை நல்லா அளந்தேன்."

"ஜீப்பை?"

இசக்கிமுத்து ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான். "ஜீப்பு உங்களுதுதானுங்களே. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி ராஜகுமாரியின் சிரிப்புச் சத்தம் வந்தது. மனோகரன் பானெட்டிலிருந்து இறங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் தங்கை மகள் கீர்த்தனாவுக்குக் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் ஆசாரி ஊசியைத் தொடுவார். அதற்கு முன்னால் மாமன் சீர் வாசலில் வந்து இறங்கவேண்டும். தங்கை மாலதியின் வீடு எஸ்டேட் மேல் டிவிஷன் உச்சியில் இருந்தது. கீழே மாரியம்மன் கோயிலோடு தார் ரோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் தேயிலைக்கு நடுவே கல் பாவிய மேடு. ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரி இருக்கும்.

கீர்த்தனாவுக்குப் பெயர் வைத்த அன்று இதே ஜீப்பில் சீர் கொண்டு போனான். கோயிலைத் தாண்டியதும் எஞ்சின் இருமி நின்றுவிட்டது. மாலதியின் மாமனார் மாரப்பன், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, சொந்தபந்தம் அத்தனை பேரையும் கூட்டி வந்து உச்சிவரை தள்ளினார். தள்ளி முடித்து, மூச்சு வாங்கியபடி அவர் சொன்ன ஒரு வார்த்தை டிவிஷன் முழுக்கப் பரவிவிட்டது.

"மாப்பிள்ளை சீரைக் கொண்டாந்தாரு. நாங்க மாப்பிள்ளையக் கொண்டாந்தோம்!"

அன்றிலிருந்து மேல் டிவிஷனில் அவனுக்குத் தள்ளுமாமா என்று பெயர். கீர்த்தனாவும் பேச்சு வந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டாள். அதுதான் அவனுடைய நிஜப் பெயர் என்று குழந்தை நினைத்துக்கொண்டிருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெயர் ஒழிய வேண்டும். அதற்காகத்தான் மேட்டுப்பாளையம் பழைய இரும்புக் கடையிலிருந்து, உடைபட்ட வேன் ஒன்றின் எஞ்சின் வந்திருந்தது. காரட் ஏற்றிக்கொண்டு இறங்கிய லாரி, திரும்பி வரும்போது அதை ஏற்றிக்கொண்டு பர்லியார் வழியாக மூச்சுவாங்க மேலே வந்தது. லாரியே திணறிய எஞ்சின் என்பதில் மனோகரனுக்குப் பெருமை.

"ஏனுங்க," என்றாள் ராஜகுமாரி, வெளியே வந்து. "தலையில வெச்சுச் சுமந்துட்டுப் போனாலும் சீரு சீருதானுங்க. அந்தப் புள்ள என்ன ஜீப்பா கேட்டுது?"

"நீ பலகாரம் சுடப் போறதுன்னா போ. ஞாயித்துக்கிழமை வாசல்ல வந்து நின்னு பாரு."

அவள் வெள்ளிக்கிழமை காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு மேல் டிவிஷனுக்குப் போய்விட்டாள்.

பானெட்டில் சதுரமாக ஓட்டை வெட்டினார்கள். எஞ்சின் தலை அதன் வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. மூடியது. அப்போது காற்றாடி ரேடியேட்டரில் இடித்தது. ரேடியேட்டரை ஒரு முழம் முன்னால் நகர்த்தி, கம்பி போட்டுக் கட்டினார்கள். இப்போது ஜீப்புக்கு மூக்கு முளைத்திருந்தது. சைலன்சர் குழாய் சேஸிஸில் முட்டியது. கழற்றிவிட்டார்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் எந்தப் பக்கமும் உட்காரவில்லை. அதையும் கழற்றிவிட்டார்கள்.

"அப்புறம் எப்படி ஸ்டார்ட் பண்றது?"

"எறக்கத்துல உருட்டி விட்டு கியர் போட்டா தானே புடிச்சுக்குமுங்க. நடுவுல மட்டும் நிறுத்திராதீங்க."

"நின்னுட்டா?"

இசக்கிமுத்து தயங்கினான். "தள்ளணுமுங்க."

அந்தச் சொல் மனோகரனின் காதில் ஈயம் மாதிரி இறங்கியது.

மாலதி போன் செய்தபோது அவன் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தான்.

"அண்ணா, காதுகுத்து விஷயமா மாமா ஒண்ணு சொல்லச் சொன்னாரு..."

"உங்க மாமா என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். வண்டி ஏறும்னு சொல்லு."

"அதில்லண்ணா, நாங்க என்ன நெனச்சோம்னா..."

"நெனைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை கண்ணால பாருங்க!"

வைத்துவிட்டான். உடனே மறுபடி அடித்தது. எண்ணெய்க் கையில் எடுத்தபோது போன் வழுக்கி, வடித்து வைத்திருந்த பழைய ஆயில் சட்டிக்குள் விழுந்தது. கொஞ்ச நேரம் உள்ளேயிருந்து வெளிச்சம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் முதல் ஓட்டம். வீட்டு முன்னாலிருந்த சரிவில் உருட்டி, கியர் போட்டு, கிளட்சை விட்டான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. சைலன்சர் இல்லாத சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரை ஏறின. தேயிலைக்குள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள், யானை வந்துவிட்டதென்று கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மனோகரனுக்குக் கண் கலங்கியது. ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தான்.

பின்னால் மடார் என்று ஒரு சத்தம். எஞ்சின் உறுமியது. சக்கரம் அசையவில்லை.

"பின் ஆக்ஸில் போச்சுங்க," என்றான் இசக்கிமுத்து, குனிந்து பார்த்துவிட்டு. "எஞ்சினோட பலத்தை அது தாங்கல." அவன் முகத்தில் கவலையைவிட மரியாதைதான் தெரிந்தது.

குன்னூரில் ஒரு பழைய வண்டியிலிருந்து வேறொரு ஆக்ஸில் கிடைத்தது. பெட்ரோமாக்ஸ் மாதிரி ஒரு பல்பைத் தொங்கவிட்டு, மழைத் தூறலில் மாட்டி முடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சீர் ஏற்றினார்கள். பித்தளை அண்டா, வாழைத்தார், ஒன்பது தட்டில் பழமும் பலகாரமும், பட்டுப்பாவாடை, தங்கத் தோடு வைத்த சின்ன டப்பா. எல்லாவற்றுக்கும் நடுவில் மரக்குதிரை ஒன்று. மனோகரன் பட்டு வேட்டி கட்டி, திருநீறு பூசி ஏறினான். சரிவில் உருட்டினான். கியர் போட்டான். எஞ்சின் பிடித்தது. பிரேக்கை அழுத்தி, முதல் கியருக்கு மாற்றி, மேட்டைப் பார்த்துக் கிளட்சை விட்டான்.

ஜீப் பின்னால் போனது.

இரண்டாவது கியர். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. மாட்டுத் தொழுவத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினான்.

இசக்கிமுத்து கீழே படுத்துப் பார்த்தான். எழுந்தான். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"ஆக்ஸிலைத் தலைகீழா மாட்டிட்டோமுங்க! நாலு கியரும் பின்னாலதான் போகும்!"

"ரிவர்ஸ் போட்டா முன்னால போகும்ல?"

"உங்க வண்டில ரிவர்ஸ் கியர்தான் பல்லு போயி எத்தனையோ வருசமாச்சுங்களே!"

பின்னால் போகத் தெரியாத வண்டியாக அது இத்தனை காலம் இருந்தது. இனிமேல் அதற்கு முன்னால் போகத் தெரியாது.

"கழட்டி மாட்டணும்னா சாயங்காலம் ஆயிரும். எனக்கு ஷிஃப்ட் வேற..." என்று இழுத்தான் இசக்கிமுத்து.

ஒன்பதரைக்குள் முகூர்த்தம். மனோகரன் மேட்டைப் பார்த்தான். கழுத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். மறுபடி மேட்டைப் பார்த்தான்.

"மாமன் முன்னால வந்தா என்ன, பின்னால வந்தா என்ன? மேலே ஏறணும், அவ்வளவுதான்!"

எஸ்டேட் ரோட்டில் அப்படி ஒரு ஊர்வலத்தை யாரும் பார்த்ததில்லை. மூக்கு நீண்ட ஜீப் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு பின்பக்கமாகவே வந்தது. மரக்குதிரை வழிகாட்டியது. அண்டாவும் வாழைத்தாரும் மறைத்ததால் மனோகரன் தலையை வெளியே நீட்டி, பக்கக் கண்ணாடியைப் பார்த்து ஓட்டினான். பால் கேனோடு வந்த ஒருவர், வண்டி தன்னை விட்டு விலகிப் போகிறதா தன்னை நோக்கி வருகிறதா என்று புரியாமல் சாக்கடைக்குள் இறங்கி நின்றார்.

கோயில் வந்தது. பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி. யாருக்கோ விசேஷம் போலிருக்கிறது என்று நினைத்தபடி கடந்தான். கடந்த பிறகுதான் முன் கண்ணாடியில் அந்தக் காட்சி தெரிந்தது.

பந்தலுக்குள்ளிருந்து மாரப்பன் ஓடி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார். அவருக்குப் பின்னால் ராஜகுமாரி. அவளுக்குப் பின்னால், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாலதி. அப்புறம் சொந்தபந்தம் மொத்தமும். எல்லோரும் கையை ஆட்டிக்கொண்டு ஜீப்பைத் துரத்தினார்கள். எல்லோருடைய வாயும் அசைந்தது. சைலன்சர் இல்லாத எஞ்சின் ஒரு வார்த்தையையும் அவன் காதுக்கு விடவில்லை.

மனோகரனுக்கு ரத்தம் தலைக்கேறியது. தள்ள வருகிறார்கள்! போன தடவை நின்ற அதே இடம். அவன் ஏற மாட்டான் என்று முடிவு கட்டி, தள்ளுவதற்கென்றே ஆள் சேர்த்து, கட்டிய பெண்டாட்டியையும் கூட்டி வந்து அடிவாரத்தில் காத்திருக்கிறார்கள்! குழந்தையைக்கூட விடவில்லை!

"யாரும் தள்ள வேண்டாம்!" என்று கத்தினான். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினான். கல் தெறித்தது. பலகாரத் தட்டிலிருந்து லட்டுகள் மேட்டில் உருண்டு ஓடின. மாரப்பன் ஒரு லட்டைத் தாண்டிக் குதித்ததையும், இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டதையும் அவன் பார்த்தான். மாலதி குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். அவன் ராஜா மாதிரி கையசைத்தான். பிறகு எல்லோரையும் புகை மறைத்தது.

வண்டி ஏறியது. ஊசி வளைவில் ஏறியது. யாரும் தள்ளாமல், ஒரு கல்லும் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்காமல், தேயிலைச் செடிகள் இரண்டு பக்கமும் நடுங்க நடுங்க, மேல் டிவிஷன் உச்சிக்கு ஏறி, மாலதி வீட்டு வாசலில் வாழைத்தார் முதலில் வந்து நின்றது. நின்றதும் எஞ்சின் ஒரு தடவை குலுங்கி அணைந்தது.

அப்படி ஓர் அமைதி. மனோகரன் வேட்டியை உதறிக்கொண்டு, பட்டுத்துண்டைத் தோளில் போட்டு இறங்கினான்.

வாசலில் கோலம் இல்லை. வீட்டில் பூட்டுத் தொங்கியது. வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் பூட்டு. கடைசி வீட்டு வாசலில், காலில் மாவுக்கட்டோடு அந்த வீட்டுக் கருப்பம்மா மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க? ஏறிருச்சு!" என்றான் மனோகரன். "ஒரு ஆள் கை வெக்கல. எங்க மாரப்ப மாமாவ வரச் சொல்லுங்க, வந்து பாக்கட்டும்!"

கீழே, வெகு கீழே, கோயில் ஒலிபெருக்கி நாதஸ்வரத்தை நிறுத்தி, தாய்மாமன் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரும்படி அழைத்தது.

கருப்பம்மா ஜீப்பைப் பார்த்தாள். சீரைப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே! உங்க வண்டி இந்த மேட்டுல ஏறாது, மாப்பிள்ளை மறுபடி கூச்சப்படக் கூடாதுன்னுதானுங்க, காதுகுத்தையே கீழ கோயிலுக்கு மாத்துனாரு உங்க மாரப்ப மாமா!"