மணப்பாறைச் சந்தையில் கானமயில்

விலை போட்டுவிட்டால் உலகத்தில் எந்தப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். என் அத்திம்பேர், அக்காவின் கணவர், அந்த ரகம். திருச்சியில் ஒரு காலேஜில் அதையே பாடமாகவும் எடுத்தார். இருபது வயதில் நான் அவருக்கு வால்.

மணப்பாறைப் பக்கத்துப் பொட்டல்களில் அப்போது கானமயில்கள் மேயும். இடுப்புயரப் பறவை, ராஜநடை. துரைகளும் ஜமீன்தார்களும் சுட்டுச் சுட்டு, கொஞ்சம்தான் மிச்சம்.

"சொந்தக்காரன் இல்லாததை எவன் காப்பாத்துவான்? நல்ல விலை வெச்சுப் பாரு, ஆட்டை மாதிரி வளர்க்க ஆரம்பிச்சுடுவா" என்றார் அத்திம்பேர். எடமலைப்பட்டி புதூரில் இருந்த தன் தோட்டத்துக்கும் ஒரு ஜோடி வாங்குவதாகத் திட்டம். நான் கை தட்டாத குறை.

மாட்டுச் சந்தைக்குப் போனோம். அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். தரகரிடம் கை கொடுப்பது கௌரவக் குறைச்சல் என்று அத்திம்பேர் என்னைத் தள்ளிவிட்டார். (விலை மட்டும் வேண்டுமாம்!) எனக்கு அந்த பாஷை தெரியாது. தரகர் என் ஒரு விரலைப் பிடித்தார். நான் பயத்தில், கலெக்டரோடு கை குலுக்குவதுபோல் அவர் கை முழுவதையும் பிடித்து அழுத்தினேன். ஒன்று ஐந்தாகிவிட்டது. அவர் முகம் மலர்ந்தது.

எத்தனை வேண்டும் என்று கேட்டார். வருவதெல்லாம் வரட்டும் என்றார் அத்திம்பேர்.

அடுத்த சந்தைக்கு வந்தன. கால் கட்டி, இறக்கை முறித்து, சாக்கில் செத்ததும் சாகாததுமாக. கூடைகளில் முட்டைகள். யாரும் வளர்க்கவில்லை, பொட்டலில் சும்மா கிடைக்கும்போது எவன் வளர்ப்பான்? அத்திம்பேரோ, வரத்து அதிகம் என்று விலையைக் குறைத்தார். பிடித்து வந்தவர்கள், கட்டாது என்று சொல்லிச் சந்தைக்குப் பின்னாலேயே அடுப்பு மூட்டிவிட்டார்கள். உயிரோடு மிஞ்சிய ஒன்றைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். அது இரை எடுக்காமலே செத்தது.

அதற்கப்புறம் எந்தச் சந்தைக்கும் ஒன்றுகூட வரவில்லை. பொட்டலில் போய்த் தேடினேன், அங்கேயும் இல்லை. வந்து அத்திம்பேரிடம் கத்தினேன். அவர் வெற்றிலையை மடித்தபடி சொன்னார்:

"தட்டுப்பாடு வந்தா விலை ஏறும்டா. விலை ஏறினா தானா வரும்."

அவரை அன்று அடிக்காமல் விட்டது அக்காவுக்காகத்தான். இன்றும் கோபம் ஆறவில்லை, அவர் மேலும், கை கொடுத்த இந்த முட்டாள் மேலும். வீட்டிலோ இது வேடிக்கைக் கதையாகிவிட்டது. காப்பிப்பொடி தீர்ந்தால்கூட, "விலை ஏறட்டும், தானா வந்துடும்" என்று சிரிக்கிறார்கள்.

காப்பிப்பொடி வந்துவிடுகிறது.