கேலமுக்குக் கொண்டுபோன உருண்டை

ஒருவரைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்று நம்ப ஆரம்பித்த பிறகு அவர் பக்கத்தில் போகாமல் இருப்பது அவருக்கு நல்லது. இதை நான் மதுரையில் கற்றுக்கொண்டேன்.

கேலம் என்ற ஸ்காட்லாந்துப் பையனைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். டென்னிஸ் ஆடுகிறவன். இடது கைக்காரன். இரண்டாவது சர்வீஸுக்கு முன்னால் பந்தை எத்தனை முறை தரையில் தட்டுவான், தோற்றால் எந்தப் பக்கம் பார்ப்பான், வீட்டு நாய்க்கு என்ன பெயர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். தெரியாமல் போனது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றினால் அவனைக் கிட்டத்தட்ட கொன்றுவிட்டேன். (வேண்டுமென்று செய்யவில்லை. கேட்பவர்கள் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள்.)

நான் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் ஊரில் பிள்ளைகள் பிறந்ததும் ஹாக்கி மட்டையைத்தான் தேடும். டென்னிஸ் மட்டை வைத்திருப்பவர் யாரையும் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூட மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு ஆறு வாரம் வீட்டில் கிடந்தபோது, போனைத் தடவிக்கொண்டே போனதில் எங்கோ குளிரும் ஊரில் நடந்த ஒரு ஜூனியர் ஆட்டம் வந்து நின்றது. பார்க்க ஆளே இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. ஒல்லியாக, செம்பட்டை முடியோடு ஒரு பையன் தோற்றுக்கொண்டிருந்தான். அம்பயர் அவனுக்குச் சாதகமாகத் தப்பாகச் சொன்ன ஒரு புள்ளியை, "இல்லை, பந்து வெளியேதான் விழுந்தது" என்று அவனே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோற்றான். பரீட்சையில் கூட்டல் தப்பாகி மார்க் கூடுதலாக வந்தால் வாயைத் திறக்காத முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் நான். அன்றைக்கே விழுந்துவிட்டேன்.

என் மாமனாரும் விழுந்தார், வேறு காரணத்துக்காக. மாமாவுக்குப் பசுவந்தனைப் பக்கம் கரிசல் நிலம். வானம் பார்த்த பூமி. வருடத்தில் பாதி நாள் வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து ஒரு மாதிரி ஆகிவிட்ட மனிதர். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று போனைப் பார்த்தார்.

"ஏம்மா, அங்கன மழையா பெய்யுது?"

"ஆமா மாமா. அதான் ஆட்டத்த நிறுத்தியிருக்காவ."

"மழை பெய்யுதுன்னு நிறுத்துதானா?" அவரால் நம்ப முடியவில்லை. "நேத்தும் பெஞ்சிச்சே."

"அங்க தெனமும் பெய்யுமாம்."

மாமா வெகுநேரம் அந்தப் பச்சைப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டு ஈரம் இருக்கு. ஒருத்தன்கூட வெதைக்க மாட்டேங்கானே" என்றார். அன்றிலிருந்து சாயங்காலமானால் இருவரும் சேர்ந்து பார்ப்போம். நான் ஆட்டத்தைப் பார்ப்பேன், அவர் மழையைப் பார்ப்பார். ஆறு மாதத்தில் அவரும் "நம்ம பய பேக்ஹேண்டு இன்னைக்கி சரியில்ல" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

கேலம் ஜூனியரிலிருந்து பெரியவர்கள் ஆட்டத்துக்கு வந்தான். நிறையத் தோற்றான், கொஞ்சம் ஜெயித்தான். யாரும் கேள்விப்படாத ஊர்களில் ஆடினான். ஒருநாள் அவன் ஆடப்போகும் ஊர்ப் பட்டியலில் மதுரை என்று இருந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். நம்ம மதுரையேதான்.

பள்ளிக்கூடத்தில் மாமாவுக்குக் கண் பரிசோதனை என்று சொல்லி லீவு வாங்கினேன். வெறுங்கையோடு எப்படிப் போவது? கோவில்பட்டிக்காரர்கள் வெளியூர் கிளம்பினால் என்ன கொண்டுபோவோம் என்று தமிழ்நாட்டுக்கே தெரியும். கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன்.

இங்கேதான் என் மாமியார் உள்ளே வருகிறார். அத்தைக்கு டென்னிஸ் தெரியாது. ஆனால் யாராவது எதையாவது சாப்பிடப் போகிறார்கள் என்றால் அங்கே அவருக்கு வேலை இருக்கும்.

"ஏட்டி சுப்பு, இது கல்லு மாதிரி இருக்கு. வெள்ளக்காரப் பிள்ளை கடிச்சுப் பல்லு ஒடஞ்சா ஆட முடியுமா?"

"அத்தை, அவன் பல்லாலயா ஆடுதான்?"

"நீ சும்மா கெட."

இரண்டு பாக்கெட்டையும் மிக்ஸியில் போட்டு மாவாகத் திரித்து, நெய் ஊற்றி, ஏலக்காய் தட்டிப் போட்டு, உருண்டை உருண்டையாகப் பிடித்து டிபன் டப்பாவில் அடுக்கிக் கொடுத்தார். பார்க்க எதனால் செய்தது என்றே தெரியாது. கடலைமிட்டாயில் கடலை என்று கண்ணுக்குத் தெரியும் ஒரே எச்சரிக்கையையும் அன்பின் மிகுதியால் அரைத்துவிட்டோம் என்பது எங்கள் யாருக்கும் அப்போது தெரியவில்லை.

மதுரையில் அந்த மைதானத்தில் பார்வையாளர்கள் என்று எங்களையும் சேர்த்து ஒன்பது பேர் இருந்திருப்போம். அதில் ஒருவர் தூங்கினார். வெயில் மண்டையைப் பிளந்தது. கேலம் போனில் பார்த்ததைவிட உயரமாக, போனில் பார்த்ததைவிடச் சிவப்பாக இருந்தான். வேட்டியும் தோளில் துண்டுமாக மாமா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மழையில ஆடுன பிள்ளை, இந்த வெயில்ல வாடிப் போவாம்மா" என்று அவர் கவலைப்பட்டதற்கு மாறாக அவன் வாடவில்லை. மூன்றாவது செட்டில் ஜெயித்தான். நான் கத்திய கத்தலில் தூங்கியவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆட்டம் முடிந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் எங்கள் பக்கமாகவே வந்தான். இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்த ஆங்கிலத்தை எடுத்துவிட்டேன். மூன்று வருடமாக உன் ஆட்டத்தைப் பார்க்கிறோம், அந்த மழையில் நீ திருப்பிக் கொடுத்த புள்ளிகூட எனக்கு நினைவிருக்கிறது என்றேன். அவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் சொன்ன பதிலில் எனக்கு நாலில் ஒரு வார்த்தை புரிந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் பேசுவதும் ஆங்கிலம்தான் என்று சத்தியம் செய்கிறார்கள்; இருக்கலாம். ஒவ்வொரு கேள்விக்கும் "அய்" என்றான்.

"ஏன் 'அய்'ங்கான்? புடிக்கலயோ?" என்று மாமா காதில் கேட்டார்.

"ஆமாங்கதுக்கு அவிய ஊர்ல அப்படித்தான் மாமா."

மாமா டப்பாவைத் திறந்து நீட்டினார். கேலம் ஒரு உருண்டையை எடுத்தான். வாய்வரை கொண்டுபோய்விட்டு நிறுத்தி, நிதானமாக, எனக்குத் தெளிவாகப் புரியும்படி கேட்டான்: "எனி நட்ஸ்?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் என் பக்கத்தைச் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் ஊரில் நட்ஸ் என்றால் முந்திரி, பாதாம், பிஸ்தா. கல்யாண வீட்டு அல்வாவில் மேலே தூவியிருப்பது. கடலையைக் கடலை என்போம், ரொம்ப இங்கிலீஷ் வந்துவிட்டால் கிரவுண்ட்நட் என்போம். அதை யாரும் நட்ஸ் கணக்கில் சேர்ப்பதில்லை. இவன் பெரிய இடத்துப் பலகாரம் என்று நினைத்துவிட்டான் போல என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அதனால் தலையை ஆட்டி, "நோ, நோ. நோ நட்ஸ். வெரி சிம்பிள் ஸ்வீட்" என்றேன்.

அவன் நன்றி சொல்லிவிட்டுப் பாதியைக் கடித்தான்.

முதலில் சிரித்தான். பிறகு மெல்லுவதை நிறுத்தினான். "பீனட்?" என்றான்.

கண்டுபிடித்துவிட்டானே என்ற பெருமை எனக்கு. "எஸ், எஸ்! கோவில்பட்டி பீனட். வெரி ஃபேமஸ்."

அவன் வாயிலிருந்ததைத் துப்பினான். பைக்குள் கையை விட்டு எதையோ தேடிக்கொண்டே "மம்" என்று கத்தினான். அந்தக் குரல் எங்கள் பிள்ளைகள் "அம்மா" என்று கத்தும் அதே குரல்தான். தண்ணீர் கேன் பக்கம் நின்றிருந்த ஒரு குட்டையான அம்மாள் ஓடிவந்தார். மகன் முகத்தைப் பார்த்தார், மாமா கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார், பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை உருவி மகனின் தொடையில் ஓங்கிக் குத்தினார்.

மாமா துண்டை எறிந்துவிட்டுப் பாய்ந்தார். "ஏ, ஏ, பெத்த பிள்ளைய எதுக்குத் தாயி குத்துதீக?" என்று அந்த அம்மாளின் கையைப் பிடிக்கப் போனார். நல்லவேளையாக ஊசி மருந்து அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தது. அவன் உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்ததைப் பார்த்த பிறகுதான் அது என்னவென்று எனக்கு விளங்கியது. எங்கள் பள்ளிக்கூடத்திலும் இறால் சாப்பிட்டு ஒரு பிள்ளை இப்படி ஆகியிருக்கிறாள்.

போட்டி நடத்துகிறவர்களின் காரில் அவர்களை ஏற்றினார்கள். நாங்கள் ஆட்டோவில் பின்னாலேயே போனோம். வழியெல்லாம் மாமா டப்பாவை மடியில் இறுகப் பிடித்திருந்தார், அது தப்பித்து இன்னும் யாரையாவது கொல்லப் போய்விடும் என்பதுபோல.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ், "பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்றார்.

மாமா யோசித்துவிட்டு, "வேண்டியவங்கம்மா" என்றார்.

கொஞ்ச நேரத்தில் இளவயது டாக்டர் ஒருவர் வெளியே வந்து, என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். பரீட்சையில் பதில் சொல்வதுபோல, கடலை, வெல்லம், நெய், ஏலக்காய் என்று வரிசையாகச் சொன்னேன்.

"நட்ஸ் இருக்கான்னு கேட்டிருக்கான். நீங்க இல்லன்னு சொல்லியிருக்கீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமாவுக்கு மருமகளை விட்டுக்கொடுக்க மனசில்லை. "டாக்டர் தம்பி, கடலை பயறு சாதியில்லா? உளுந்து, தொவரை மாதிரி. வேர்ல முடிச்சு இருக்கும். அது எப்படிங்க கொட்டையாவும்?" என்றார்.

டாக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நீங்க சொல்லுதது சரிதான் ஐயா. ஆனா அது அவன் ஒடம்புக்குத் தெரியாது" என்றார். அப்புறம்தான், "பயப்படாதீங்க. ஊசி நேரத்துக்குப் போட்டுட்டாங்க. மூச்சு சீராயிருச்சு. சாயங்காலம் வரைக்கும் வெச்சுப் பாத்துட்டு அனுப்பிருவோம்" என்றார்.

நான் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். என் வாழ்க்கையில் எந்தக் கடவுளுக்கும் அவ்வளவு வேகமாக அவ்வளவு நேர்த்திக்கடன் சொன்னதில்லை. மாமா எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அவர் கழுவ வேண்டிய அளவுக்கு முகத்தில் தூசி ஒன்றும் இல்லை.

கேலமின் அம்மா வெளியே வந்து எங்களைக் கண்டதும் ஒரு ஐந்து நிமிடம் பேசினார். எதுவுமே புரியவில்லை. புரியாமல் போனது எனக்கு நல்லதுக்குத்தான் என்று இன்றும் நினைக்கிறேன். பேசி முடித்ததும் நின்று மூச்சு வாங்கினார். பிறகு, கோபம் தீர்ந்ததாலோ கால் வலித்ததாலோ, மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. அதில் பெரிய எழுத்தில், சுத்தத் தமிழில், "எனக்கு நிலக்கடலை ஒவ்வாது. சாப்பிட்டால் உயிருக்கு ஆபத்து" என்று அச்சடித்திருந்தது.

மதுரைக்கு வருவதற்காகவே செய்த அட்டையாம். இந்த மூன்று நாளும் ஹோட்டல், டீக்கடை என்று எல்லா இடத்திலும் அதைக் காட்டித்தான் சாப்பிட்டிருக்கிறான். என்னிடம் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். அந்த அம்மாள் எனக்காக மெதுவாகச் சொன்னார்:

"நீ இங்கிலீஷ் நல்லாப் பேசினாய். தேவைப்படாது என்று நினைத்துவிட்டான்."

இருபது வருடம் படித்த படிப்புக்கு இப்படி ஒரு சான்றிதழ் யாருக்கும் கிடைத்திருக்காது.

சாயங்காலம் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். நாங்கள் வாசலைத் தாண்டவில்லை. மாமா கையிலிருந்த டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். உதடு இன்னும் கொஞ்சம் தடித்திருந்த கேலம் படுத்தபடியே கையை ஆட்டினான். நான் நூறு முறை சாரி சொன்னேன். அவன் ஏதோ சொல்ல, அவன் அம்மா முதல் முறையாகச் சிரித்துவிட்டு எனக்குத் திருப்பிச் சொன்னார்: "முதல் இரண்டு விநாடி ரொம்ப நன்றாக இருந்ததாம்."

மாமாவிடம் சொன்னேன். அவர் தலையசைத்து, "வீட்ல சொல்லணும்" என்றார்.

சொன்னார். கதவைத் திறந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "பய சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான். நல்லாருக்குன்னான். ஆஸ்பத்திரிக்குப் போனான்."

முழுக் கதையையும் கேட்டு அத்தை சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டு வந்து மிக்ஸி ஜாரை மூன்று தடவை கழுவிக் கவிழ்த்தார். மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து வந்த என் கணவர், எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "நம்ம பய தோத்துட்டானா?" என்றார்.

மறுநாள் அவன் ஆட்டத்துக்கு வரவில்லை. போட்டி முடிவுகள் பக்கத்தில் அவன் பெயருக்கு எதிரே 'வாக்ஓவர்' என்று மட்டும் போட்டிருந்தது. காயம், காய்ச்சல், விசா என்று உலகம் என்னவும் நினைத்திருக்கும். நான் ஒரு மாதம் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. பிறகு ஒரு சாயங்காலம் மாமாதான் போனை நீட்டி, "பாத்துரும்மா, என்ன ஆச்சுன்னு தெரியாம இருக்க முடியல" என்றார். மழை தூறும் ஒரு ஊரில், நான்காவது சுற்றில் நன்றாகத் தின்று கொழுத்த ஒரு பிரெஞ்சுக்காரனை ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அன்றுதான் முழுசாக மூச்சு வந்தது. இப்போது பெரிய போட்டிகளின் தகுதிச் சுற்று வரை வந்துவிட்டான். நாங்கள் அவனைத் தொலைவிலிருந்து மட்டுமே ஆதரிக்கிறோம்.

அவன் பிழைத்துக்கொண்டான். என் 'இல்லை'தான் பிழைக்கவில்லை. எங்கள் வீட்டில் நான் எதை இல்லை என்று சொன்னாலும், "எந்த இல்ல?" என்று கேட்கிறார்கள். போன மாதம் மாமாவைச் சர்க்கரைக்குக் காட்டக் கூட்டிப்போயிருந்தோம். இனிப்பு சாப்பிடுகிறாரா என்று டாக்டரம்மா கேட்டார். நான் மாமாவைக் காப்பாற்றும் பொருட்டு, "இல்ல டாக்டர், தொடவே மாட்டாவ" என்றேன்.

பின்னாலிருந்து அத்தை நிதானமாகச் சொன்னார்: "எழுதிராதீக டாக்டரம்மா. நட்ஸ் இல்லன்னு சொன்னவளும் இவதான்."