வக்கீல் சிபாரிசு செய்த ரம்பம்

கடைக்காரர் மூன்று பேட்டரி ரம்பங்களை மேஜைமேல் வரிசையாக வைத்ததும், பல் டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூன்றின் பற்களையும் ஆராய ஆரம்பித்தார்.

"பல்லை விடுங்க சார். எதை வெட்டப் போறீங்கன்னு சொல்லுங்க."

"ஒரே ஒரு கிளை."

அந்த ஒரே ஒரு கிளைதான் டாக்டர் வீட்டு மரத்திலிருந்து கிளம்பி, மதில் தாண்டி, பக்கத்து வீட்டு வக்கீலின் தோட்டம்வரை போயிருந்தது. போகிற போக்கில் டாக்டர் மனைவியின் துணிக்கொடிக்கு வெயிலே இல்லாமல் செய்திருந்தது. "ஞாயித்துக்கிழமை தம்பி வரான். அவன்கிட்ட சொன்னா உடனே வெட்டிடுவான்" என்று மனைவி சொன்னதுதான் டாக்டரைக் கடைக்கு விரட்டியது.

அந்த வீட்டில் குழாய் மாற்றியது மச்சான். கேட்டுக்குக் கீல் போட்டது மச்சான். டாக்டர் மாட்டியது தன் பெயர்ப்பலகை மட்டும். அதையும் மச்சான்தான் நேராக்கினான். இந்தக் கிளையையாவது தன் கையால் வெட்டாவிட்டால் சொந்த வீட்டிலேயே விருந்தாளிதான் என்று டாக்டருக்கு உறுத்தியது.

"இது போதும்," என்று இருப்பதிலேயே சின்னதை எடுத்தார். கிளினிக்கில் பிடிக்கிற டிரில் மாதிரி கைக்கு அடக்கமாக இருந்தது.

"அது செடி கழிக்கத்தான் ஆகும் டாக்டர்," என்றார் துணைக்கு வந்திருந்த வக்கீல். காசு வாங்காமல் வாயே திறக்காத மனிதர், இன்று கோர்ட்டுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தார். "கிளை தொடை மொத்தம் இருக்கு. பெரிசு ரொம்ப கனம், ஏணியில நின்னு தூக்க முடியாது. நடுவுல இருக்கறதை எடுங்க. என்கிட்டயும் இதே கம்பெனிதான். என் பேட்டரி இதுக்கும் பொருந்தும்."

"அப்போ உங்க ரம்பத்தையே ஒருநாள் கொடுங்களேன்."

வக்கீல் இருமினார். "அது சர்வீஸ்ல இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை, மச்சான் வருவதற்குள் முடித்துவிடும் வேகத்தில் டாக்டர் ஏணியில் ஏறினார். மதிலுக்கு அந்தப் பக்கம் வக்கீல் ஏற்கெனவே நின்றிருந்தார்.

"கிளையை என் பக்கமே விழ விடுங்க டாக்டர். இலை, குப்பை எல்லாத்தையும் நானே அள்ளிக்கறேன்."

இப்படி ஒரு தங்கமான மனிதரைப் போய் இத்தனை நாள் கஞ்சன் என்று நினைத்தோமே என்று டாக்டர் உருகிப்போனார்.

ரம்பத்தைக் கிளையின் அடியில் வைத்து அழுத்தினார். மரத்தூள் மூக்கில் விழுந்தது. வேலை ஜோராக நடந்தது. பாதி போனதும் கிளை மெல்லத் தொய்ந்து, ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினார். உறுமியது, முனகியது, பேட்டரி தீர்ந்தது.

"இந்தாங்க," என்று வக்கீல் கண் மூடித் திறப்பதற்குள் தன் பேட்டரியை நீட்டினார். முழுசாக சார்ஜ் ஏறியிருந்தது.

புது பலத்தோடு ரம்பம் இன்னும் உள்ளே போய், இன்னும் இறுகி, செயின் கழன்று நின்றது. டாக்டர் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தார். ஏணிதான் ஆடியது.

"தம்பி வந்துட்டான்," என்றாள் மனைவி வாசலிலிருந்து.

டாக்டர் கொடியிலிருந்த துண்டை உருவி ரம்பத்தின்மேல் போர்த்தினார்.

மச்சான் அண்ணாந்து பார்த்தான். "மரத்துக்குக் குளிருதா அத்தான்?"

மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மச்சான் ஏணியில் ஏறித் துண்டை விலக்கி, வெட்டைப் பார்த்தான். "அடியிலேர்ந்து ஏன் அறுத்தீங்க? கிளையோட பாரமே அதை அமுக்கிடுமே."

"மேல்வரிசைப் பல்லைக் கீழேயிருந்துதான் குடைவோம் மாப்ளே," என்றார் டாக்டர். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. இருபது வருஷத்துக்குக் கேலி பண்ண இது ஒன்று போதும். இனி எந்தக் கல்யாண வீட்டிலும் தலைகாட்ட முடியாது.

மச்சான் பையிலிருந்து சாதாரணக் கைரம்பத்தை எடுத்து மேலேயிருந்து அறுத்தான். வெட்டு வாய் திறந்தது. ரம்பம் தானாக அவன் கைக்கு வந்தது. கிளை முறிந்து வக்கீல் பக்கம் விழுந்தது.

வக்கீல் பாய்ந்து வந்து, இலைக்கொத்தோடு அதைக் கொல்லைப் பக்கம் தரதரவென்று இழுத்தார். "நானே பாத்துக்கறேன், நீங்க யாரும் சிரமப்பட வேண்டாம்."

இழுத்த இழுப்பில் இலைகளுக்குள்ளிருந்து ஏதோ கழன்று சிமெண்ட் தரையில் டங்கென்று விழுந்தது. பச்சை நிறம். செயின் முழுக்கத் துரு. டாக்டர் வாங்கிய ரம்பத்துக்கு அச்சு அசல் இரட்டைப் பிறவி.

எல்லோரும் வக்கீலைப் பார்த்தார்கள். வாய்தா கேட்கிற தோரணையில் அவர் இருமினார்.

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த வக்கீலின் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அப்பாடா, சர்வீஸ்லேர்ந்து வந்துடுச்சா? டாக்டர், நீங்க பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தப்போ உங்களுக்குத் தெரியாம இவரு இந்தக் கிளையை வெட்டப் போய் மாட்டிக்கிட்டது அது. அதை எடுக்கத்தான் உங்களை ஒண்ணு வாங்க வச்சாரு."