பலகைச் செவுத்துல தொங்கின மேஜர்

மைதாப் பசை காய்ச்சிட்டு இருந்தேங்க. அன்னிக்கு எனக்கு இருந்தது அந்த ஒரே வேலைதான்.

எஸ்டேட்டு லைன் ஊடு எங்களது. எங்களுக்கும் பக்கத்து ஊட்டுச் சரோசாக்காவுக்கும் நடுவுல வெறும் பலகை. வெளிச்செவுரும் பாதிக்கு மேல பலகைதான். மார்கழி மாசத்து ஏற்காட்டுக் காத்து அந்தச் சந்துல பூந்து நேரா முதுகுல வந்து உக்காரும். அதனால வருசா வருசம் பழைய காயிதம் ஒட்டி அடைப்போம்.

சாயங்கால பஸ்ஸுல குப்பனூர்ல இருந்து எங்க நாத்தனார் வர்றாங்க. கூடவே கைக்கொழந்தை. அதுக்கு மூக்கு ஒழுகினா நான்தான் பதில் சொல்லோணும்.

“செவுத்தை நல்லா அடைச்சு வெய்யி புள்ள. எங்கக்கா வாயை நம்மால அடைக்க முடியாது”ன்னு சொல்லிட்டுத்தான் எங்கூட்டுக்காரரு வேலைக்குப் போனாரு.

காயிதம் அவரு சேலத்துப் பழைய பேப்பர் கடையில கட்டா வாங்கினது. பிரிச்சு, பாதியைச் சரோசாக்காவுக்குக் குடுத்திருந்தேன். அவங்க முந்தின நாளே ஒட்டி முடிச்சுட்டாங்க. கெட்டிக்காரி.

நான் என்னத்தை ஒட்டறோம்னே பாக்காம மடமடன்னு ஒட்டினேன். ஒரு பக்கம் முடிச்சுட்டுத் தள்ளி நின்னு பாத்தா, செவுத்துல இருந்து மேஜர் சூறாவளி என்னைப் பாக்கறாரு.

பசைக் கையோட அப்படியே கிட்டக்கப் போயிட்டேன்.

நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. அதுலயும் ஒழுங்காப் படிச்சது இந்தப் படக்கதை ஒண்ணுதான். ஏதோ ஒரு கம்பெனி பட்டாளத்துப் பொம்மையா வித்துச்சு. அந்தப் பொம்மைகளை வெச்சே கதையும் போட்டு வித்தாங்க. பொம்மை வாங்க எங்களுக்கு ஏது வசதி. புஸ்தகம் மட்டும் கை மாறி கை மாறி வரும். எங்க கைக்கு வர்றப்ப அட்டையும் இருக்காது, கடைசித் தாளும் இருக்காது.

கயித்துப் பாலத்துல மேஜர் தொங்குவாரு. எதிரி இடுப்புல இருந்து கத்தியை உருவுவான். அத்தோட சரி. எனக்குக் கல்யாணம் ஆகி, புள்ளையும் பொறந்தாச்சு. மேஜர் இன்னும் தொங்கிட்டுத்தான் இருந்தாரு.

இன்னிக்கு விட்டா இல்லைன்னு படிக்க ஆரம்பிச்சேன்.

சின்னதுல தெரியாததெல்லாம் இப்பத் தெரியுதுங்க. பொம்மைக்குக் கை மடங்காதாட்ட இருக்குது, படத்துலயும் மேஜருக்கு மடங்கலை. சோறு திங்கறப்பவும் துப்பாக்கி புடிச்ச கைதான். தூக்கம் நின்னுட்டேதான். மலையே வெடிச்சுச் சிதறுது, தொப்பி மட்டும் அசையலை. இவரையா நான் அன்னிக்கு அவ்வளவு நம்பினேன்னு இருந்துச்சு. ஆனா நிறுத்த முடியலை.

அப்பத்தான் தாளுக்கு ரெண்டு பக்கம் உண்டுங்கறது உறைச்சுது. ஒரு பக்கக் கதை எனக்கு. மறுபக்கக் கதை பலகைக்கு.

ஈரத்துணியை வெச்சு ஒவ்வொண்ணா உரிச்சேன். உரிச்சதைத் தரையில வரிசையாப் போட்டுப் படிச்சேன். செவுரு மறுபடியும் மொட்டையாச்சு, காத்து சுகமா உள்ள வந்துச்சு. கடைசியில பாத்தா, கயித்தை அறுக்கற அந்தக் கடைசித் தாளு மட்டும் இல்லை. அது சரோசாக்கா பாதியில போயிருச்சு.

கேக்கறதுக்குக் கூச்சம். புள்ளையப் பெத்தவ பொம்மைக் கதை கேட்டா சிரிப்பாங்க. உப்பு வாங்கற சாக்குல போனேன். இடுப்புல பையன், கையில உப்புக் கிண்ணம், கிண்ணத்துக்குள்ள ஈரத்துணி.

அக்கா தண்ணி புடிக்கப் போயிருந்தாங்க. கதவு தொறந்து கெடந்துச்சு. கட்டிலுக்கு நேர் மேல அந்தத் தாளு. கயிறும் கத்தியும் இந்தப் பக்கம். அப்ப முடிவு அந்தப் பக்கம்.

கட்டில் மேல கம்பளி சுருண்டு கெடந்துச்சு. ஓரமா ஏறி நின்னு ஒரு மூலையை உரிச்சேன். பையன் காலை உதைச்சான். கம்பளி எந்திரிச்சு உக்காந்துச்சு.

சரோசாக்கா ஊட்டுக்காரரு. எஸ்டேட்டு வாச்மேன். ராத்திரி வேலை, பகல்ல தூக்கம். இத்தனை வருசத்துல நான் அந்த அண்ணன் மூஞ்சியை நிமிந்து பாத்ததில்லை. இப்பப் பாத்தேன், மேல நின்னு.

“யாரு?”

எனக்குத் தொண்டையில இருந்து வந்தது ஒரே வார்த்தை. “மேஜருங்க.”

அவரு கண்ணைக் கசக்கினாரு. என்னையப் பாத்தாரு, செவுத்தைப் பாத்தாரு.

“அவனையா? நேத்திருந்து அவனைப் பாத்துட்டே படுத்திருக்கேன் சாமி. கண்ணே சொக்கலை. பொழைச்சானா இல்லியா?”

“அது பின்னாடி இருக்குதுங்கண்ணா.”

“அப்ப உரி. மெதுவா உரி.”

அந்நேரம் பாத்துச் சரோசாக்கா கொடத்தோட உள்ள வந்தாங்க. “என்னங்க நடக்குது இங்க?”

“சத்தம் போடாத, கயித்தை அறுக்கறான்”னாரு அண்ணன்.

அக்கா கொடத்தை இறக்கி வெச்சாங்க. நானும் கட்டில் மேல நின்னபடியே விசயத்தைச் சொன்னேன். “சிறுக்கி, மொதல்லயே கேட்டா ஒட்டியே இருக்க மாட்டனே”ன்னு அடுப்புல இருந்த சுடுதண்ணியைக் கொண்டாந்தாங்க. அக்காளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா, “கதையை மொதல்ல இருந்து சொல்லு”ன்னாங்க. லைன்ல இன்னும் ரெண்டு பேரு வந்து எட்டிப் பாத்தாங்க. ஊருல நாலு பேரு முன்னாடி வாயே தொறக்காதவ, கட்டில் மேல நின்னு குண்டு போடற சத்தமெல்லாம் போட்டேங்க.

குண்டு போட்டுட்டுத் திரும்பினா வாசல்ல நாத்தனார்.

“ஊட்டுல காத்து ஊதுது. தரை பூராக் காயிதம். எவ ஊட்டுக் கட்டில்ல ஏறி நின்னுட்டு இருக்கற நீயி?”

சரோசாக்கா எனக்காக, “மேஜர் கயித்துல தொங்கறாருங்க, அதான்”னாங்க.

நாத்தனார் கொழந்தையை இன்னொரு தோளுக்கு மாத்திக்கிட்டாங்க. “எந்த மேஜரு? அந்தச் சூறாவளியா?” கொஞ்சம் யோசிச்சாங்க. “நம்மூருப் பள்ளிக்கூடத்துலயும் கடைசித் தாளு இருக்காது. சரி, அந்த ஆளு என்னானான்னு மொதல்ல சொல்லு. அப்புறம் திட்டறேன்.”

தாளு உரிஞ்சு வந்துச்சு. திருப்பினேன். மேல் பாதியில கயிறு அறுந்து மேஜர் விழறாரு. கீழ்ப் பாதியில விளம்பரம். ‘புதிய மேஜர் சூறாவளி பொம்மை. இப்போது கைகள் அசையும். பாலம் தனி விலை.’

அவ்வளவுதான்.

தாளை மறுபடியும் திருப்பித் திருப்பிப் பாத்தோம்.

“பொழைச்சுட்டான்”னாரு வாச்மேன் அண்ணன். “செத்தவனை எந்தக் கடையில விப்பாங்க?” திரும்பிப் படுத்தவரு ரெண்டு நிமிசத்துல கொறட்டை.

“கை அசையுதுன்னா கயித்தை எட்டிப் புடிச்சிருப்பான்”னாங்க நாத்தனார்.

அப்புறம் சொன்ன மாதிரியே திட்டினாங்க. அதுல ஒரு கொறையும் வெக்கலை.

ராத்திரிக்குள்ள எல்லாருமாச் சேந்து ஒட்டி முடிச்சோம். இந்த வாட்டி நான் புத்திசாலியாட்ட, தாளுக்கு மேல் ஓரத்துல மட்டுந்தான் பசை தடவினேன். கீழ் ஓரம் தொங்கும். தூக்கினா மறுபக்கமும் படிக்கலாம். இதை எழுதறதுக்கு நடுவுலகூட இப்ப ஒருக்காத் தூக்கிப் பாத்தேன், மேஜர் அந்தச் சோத்துத் தட்டு முன்னாடி—

“ஏ புள்ள, என்னத்தை ஒட்டின? செவுரு பூராப் படபடன்னு அடிக்குது, காத்து நேரா முதுகுக்கு வருது.”

இருங்க, எங்கூட்டுக்காரரு கூப்பிடறாரு. நான் போயி அந்தக் கீழ் ஓரத்துக்கும் பசை தடவி—